குரூப் போட்டோவில் இல்லாதவர்

போன வாரம் குற்றாலத்தில் நான் தொண்ணூறு நிமிடம் பேசினேன். அரங்கம் மூன்று முறை சிரித்தது. ஒரு முறை கண்கலங்கியது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்... இதெல்லாம் நடந்தபோது நான் விழுப்புரம் தாண்டி, ரயிலில் மேல் பர்த்தில், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். ஆனால் ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. கையால் தொட்டே பார்த்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒரு மாதத்துக்கு முன்னால் முனைவர் நெல்லையப்பன் என்பவர் போன் செய்தார். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியர். கல்லூரிகளில் இப்போது ‘எழுத்துத் திறன்’ என்று ஒரு பேப்பர் இருக்கிறது. கடிதம், கட்டுரை, அறிக்கை எல்லாம் எழுதப் பழக்குவது. அதை நடத்தும் ஆசிரியர்களுக்காகக் குற்றாலத்தில் ஐந்து நாள் பயிலரங்கு வைத்திருக்கிறோம், வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிற நீங்கள் கடைசி நாளில் வந்து பேச வேண்டும் என்றார்.

அதாவது, மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு, எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று நான் கற்றுக்கொடுக்க வேண்டும். எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“எனக்குக் கிளாஸ் எடுத்துப் பழக்கமில்லையே சார்” என்று கொஞ்சம் பிகு செய்து பார்த்தேன்.

“அது கெடக்கு சார். இப்ப இங்கன சீசன்லா. நேத்துலருந்து சாரல் அடிக்குது” என்றார்.

மனிதர் ஆள் பார்த்துப் பேசத் தெரிந்தவர். குற்றாலத்துக்குக் கிளம்பும்போது நான் பெட்டியில் முதலில் வைத்தது துண்டு. பேச வேண்டிய குறிப்புகளை மேசையிலேயே விட்டுவிட்டது திண்டுக்கல் தாண்டித்தான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை தென்காசியில் இறங்கினால் மலையையே காணோம். மேகம் மொத்தமாக மூடிவிட்டிருந்தது. ஆட்டோ டிரைவர் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த துண்டைப் பார்த்துவிட்டு, “குளிக்கவா வந்திய? மெயின் அருவி, ஐந்தருவி எல்லாத்துலயும் தண்ணி கூடிருச்சு. தடை போட்டிருக்காவ” என்றார்.

“இல்லை, ஒரு கூட்டத்தில் பேச வந்திருக்கேன்” என்றேன், கொஞ்சம் கெத்தாக.

“அப்ப சரி. அதுக்குத் தடை இல்ல” என்றார்.

பயிலரங்கு நடந்தது ஒரு லாட்ஜின் மாடி ஹாலில். உள்ளே போனதும், தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். நாற்காலிகளின் முதுகில் எல்லாம் ஈரத் துண்டுகள். பேனர் கட்டிய கயிற்றில் இரண்டு பனியன்கள். ஹால் முழுக்க நல்லெண்ணெய் வாசம். ‘எழுத்தைக் கற்பித்தல் – புதிய அணுகுமுறைகள்’ என்ற கையேட்டின் மேல் மங்குஸ்தான் தோலைக் குவித்து வைத்திருந்தார்கள்.

ஆனால் ஒன்று. ஹால் நிறைந்திருந்தது. நாற்பது நாற்காலி, நாற்பது தலை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் பெயருக்கு இந்தப் பக்கம் இவ்வளவு மவுசா?

“அருவில தடை போட்டுட்டாவல்லா சார், அதான் இன்னைக்கு ஃபுல் ஸ்ட்ரெங்த்” என்றார் நெல்லையப்பன், ஒளிவுமறைவில்லாமல்.

“அப்போ நேத்து வரைக்கும்?”

“முதல் நாள் குரூப் போட்டோவுக்கு எல்லாரும் நின்னாவ. அப்புறம்... வந்து போயிட்டு இருந்தாவ. டெய்லி முழுசா உக்காந்தது ஒருத்தங்கதான்.”

நெல்லையப்பன் கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒல்லியான ஆள். கக்கத்தில் எப்போதும் ஒரு ஃபைல். யாராவது ஃபைலைப் பார்த்தால்கூட அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்வார். எந்தத் தாளையும் கடைசித் தேதிக்குப் பிந்தி அனுப்பியதில்லை என்பதுதான் அவர் வாழ்க்கையின் ஒரே கர்வம். அந்த ஃபைலைத்தான் என்னிடம் நீட்டினார்.

“பேசுததுக்கு முன்னாடி இதை ஒருதடவ பாத்துக்கிடுங்க சார்.”

பங்கேற்பாளர் விவரமாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே ஸ்பைரல் பைண்டிங்கில், பயிலரங்கின் நிறைவு அறிக்கை! கடைசி நாள் என்ற தலைப்பின் கீழ் நான் இருந்தேன்.

‘சிறப்பு விருந்தினர் தமது தொண்ணூறு நிமிட உரையில் எழுத்துத் திறனின் ஆறு படிநிலைகளை எளிய எடுத்துக்காட்டுகளுடன் விளக்கினார். அரங்கில் மும்முறை சிரிப்பலை எழுந்தது. தம் பள்ளி ஆசிரியர் குறித்து அவர் கூறிய நிகழ்ச்சி அனைவரையும் கண்கலங்கச் செய்தது. பேராசிரியர் பரமசிவன் எழுப்பிய ஆழமான வினாவுக்கு அவர் அளித்த விடையைக் கேட்டு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.’

இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன்.

“ஆறு படிநிலையா? என்னென்ன சார் அது?”

“அது உங்க இஷ்டம். ஆறு இருந்தாப் போதும்.”

“நான் இன்னும் பேசவே இல்லையே?”

“நேத்து ராத்திரியே மேலிடத்து போர்ட்டல்ல ஏத்திட்டேன் சார். கடைசி நாள்ல எல்லாக் காலேஜும் ஒண்ணா ஏத்துவாவ, அது தொங்கிரும். போன வருசம் தொங்கி நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும். அதான் முந்தியே முடிச்சிட்டேன்.”

“ஒருவேளை நான் வராமல் போயிருந்தால்?”

நெல்லையப்பனின் முகம் வெளுத்துவிட்டது. “அப்படிலாம் சொல்லாதிய சார். அறிக்கைல வந்துட்டியள்லா” என்றார்.

வந்துவிட்டேன்தான்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். நீலக் கரை போட்ட காட்டன் புடவை, கையில் பாதிக்கு மேல் எழுதி நிறைந்த நோட்டு. அந்த ஹாலிலேயே தலைமுடி காய்ந்திருந்தது அவருக்கு மட்டும்தான்.

“சார், சர்டிபிகேட் பிரிண்ட் போட்டு வந்துட்டுன்னாவ. என் பேர்ல இனிஷியல் சரியா இருக்கான்னு பாத்துக்கிடுதேன்” என்றார் நெல்லையப்பனிடம்.

அவர் பெயர் இசக்கியம்மாள். சுரண்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தவர். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பதவியின் பெயரில் இருக்கும் கௌரவம் வேலையில் இருக்காது. ஒவ்வொரு வருடமும் நேர்காணலுக்குப் போய், ‘இந்த வருடமும் நானே நடத்துகிறேன்’ என்று கேட்டு வாங்க வேண்டும்.

நெல்லையப்பன் சர்டிபிகேட் கட்டைப் பிரித்தார். ஒருமுறை புரட்டினார். மறுபடியும் புரட்டினார். நாற்பது சர்டிபிகேட் இருந்தது. இசக்கியம்மாள் இல்லை.

“மேடம், நீங்க முதல் நாள் வந்தியள்லா?”

“அஞ்சு நாளும் வந்தேன் சார். நீங்கதான பாத்திய.”

“பாத்தேன். ஆனா போட்டோல நீங்க இல்லியே.”

“போட்டோவ எடுத்ததே நான்தான சார்.”

நெல்லையப்பன் சர்டிபிகேட் கட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

நடந்தது இதுதான். வருகைத் தாள் என்று ஒன்று வாசல் மேசையில் இருந்திருக்கிறது. குளித்துவிட்டு வந்த யாரோ ஒரு புண்ணியவான் அதன் மேல் ஈரத் துண்டைப் போட்டுவிட்டார். நாற்பது பேர் கையெழுத்தும் கரைந்து ஒரே நீலமாக ஓடிவிட்டது. அறிக்கையை வியாழக்கிழமையே ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் தீர்மானம். நெல்லையப்பன் என்ன செய்வார் பாவம்? முதல் நாள் எடுத்த குரூப் போட்டோவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தொட்டு வருகைப் பட்டியல் தயாரித்துவிட்டார். இடமும் தேதியும் தானாகவே பதிவாகும் போட்டோ. மேலிடத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

நாற்பது பேரையும் ஒரே படத்தில் அடக்க வேண்டும் என்றால் யாராவது ஒருவர் வெளியே நிற்கத்தானே வேண்டும்? “கொடுங்க சார், நான் எடுக்கேன்” என்று போனை வாங்கியவர் இசக்கியம்மாள்.

“ஆனா நாப்பது சர்டிபிகேட் இருக்கே சார்? கணக்கு உதைக்குதே?” என்றேன் நான்.

ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததில் நாற்பதாவது ஆள் கிடைத்தார். லாட்ஜ் மேனேஜர். போட்டோ எடுக்கும்போது ஹால் சாவியைக் கொடுக்க வந்தவர், ஓரமாக நின்றுவிட்டிருக்கிறார். நெல்லையப்பன் கீழே போய் ‘உங்க பேரென்ன?’ என்று கேட்க, அவரும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். எழுத்துத் திறன் பயிற்றுநராகத் தேர்ச்சி பெற்றதற்கான சான்றிதழ் அவருக்குத் தயார்.

“அவர் பேரை எடுத்துட்டு இவங்க பேரைப் போட்டா?”

“போர்ட்டல் பூட்டிருச்சு சார். லிஸ்ட்டுல கை வைக்க முடியாது.”

“இப்போ இன்னொரு போட்டோ எடுத்தா?”

“தேதி மாறிரும் சார்.”

இசக்கியம்மாள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். “திங்கக்கெழம எனக்கு இன்டர்வியூ சார். இந்த வருசம் புது ரூல் போட்டிருக்காவ. அஞ்சு நாள் பயிலரங்கு சர்டிபிகேட் இருந்தாத்தான் உள்ளயே கூப்பிடுவாவ. இந்தப் பேப்பர நான் பதினோரு வருசமா நடத்துதேன்” என்றார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“நீங்க உக்காருங்க மேடம். சார் பேசி முடிக்கட்டும், ஒரு வழி பாப்போம்” என்றார் நெல்லையப்பன். அவர் கண் கடிகாரத்தில் இருந்தது. அறிக்கைப்படி நான் பதினொன்றரைக்குத் தொடங்கியிருக்க வேண்டும்.

தொடங்கினேன்.

அச்சாகிவிட்ட ஒரு பேச்சைப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியுமா? ஆறு படிநிலைகளில் நான்கு வரை எப்படியோ ஓட்டிவிட்டேன். சரக்கு தீர்ந்துவிட்டது. ஐந்தாவது படிநிலை பொறுமை என்றேன். ஆறாவது, மேலும் பொறுமை என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

கண்கலங்க வைக்கும் ஆசிரியர்தான் பெரிய பிரச்சினை. என் பள்ளி ஆசிரியர் நன்றாக இருக்கிறார். கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்துகொண்டு தினமும் குட்மார்னிங் படம் அனுப்புகிறார். வேறு வழியில்லாமல் அவரை மேடையில் இருபது நிமிடம் படுக்கையில் போட்டேன். யாரும் கலங்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் கண்ணைத் துடைத்தார். அப்பாடா என்று பார்த்தால், தலையில் வைத்த எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கிவிட்டதாம்.

முன்வரிசையில் இசக்கியம்மாள் நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பேனா மட்டும் அவ்வப்போது நின்றுவிடும். அப்போது சர்டிபிகேட் கட்டு இருந்த மேசையைப் பார்ப்பார். இந்த அரங்கில் அழக் காரணம் உள்ளவர் இவர் ஒருவர்தான். அழுதுவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். அழுதால் அறிக்கை உண்மையாகிவிடும்.

அடுத்து, ஆழமான வினா.

நெல்லையப்பன் கண் காட்டினார். மூன்றாவது வரிசையில் கண்ணைத் துடைத்த அதே மனிதர்தான் பேராசிரியர் பரமசிவன் என்று தெரிந்தது. ஆஜானுபாகுவான ஆள். முதல் நாள் போட்டோவுக்கு நின்றுவிட்டு ஐந்தருவிக்குப் போனவர், தடை போட்ட பிறகுதான் திரும்பியிருக்கிறார். எழுந்து நின்றார்.

“என்ன அண்ணாச்சி?”

“கேள்வி” என்றார் நெல்லையப்பன் மெதுவாக.

“என்ன கேள்வி?”

“நீங்க கேட்டதுதான்.”

“நான் எப்ப கேட்டேன்?”

“நேத்து.”

பரமசிவன் கொஞ்சம் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ரொம்பப் பணிவாக, “சார், நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்?” என்றார்.

இதைவிட ஆழமான வினாவை என்னிடம் இதுவரை யாரும் எழுப்பியதில்லை. “நல்ல கேள்வி” என்றேன். அந்த நேரம் பார்த்து, சாப்பாடு ரெடி என்று கீழேயிருந்து குரல் வந்தது. அரங்கமே எழுந்து நின்றது.

ஆனால் யாரும் சாப்பிடப் போகவில்லை. அதற்குக் காரணம் பரமசிவன்தான். சர்டிபிகேட் மேசையருகே இசக்கியம்மாள் நிற்பதைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். கேட்டுவிட்டு, “எனக்கு சர்டிபிகேட் உண்டா?” என்றார். உண்டு என்றார் நெல்லையப்பன். “மேனேஜருக்கு?” அவருக்கும் உண்டு. “நான் நாலு நாளு அருவில நின்னேன். எனக்கு உண்டு. அந்த அம்மா நாலு நாளும் இங்கன உக்காந்திருந்தாவ, அவங்களுக்கு இல்ல. ஏன் அண்ணாச்சி, இதென்ன நியாயம்?”

அந்த வார்த்தை ஹாலில் பரவியது. தட்டு எடுக்கப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். லேப்டாப்பைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

நெல்லையப்பன் போர்ட்டலை மேலும் கீழும் உருட்டினார். அடியில் ஒரு கட்டம் மட்டும் திறந்திருந்தது. ‘விடுபட்ட விவரங்கள்’. இன்று மூன்று மணி வரை. அதில் உரிய காரணத்தை எழுதி அனுப்பினால், ஏற்பதும் ஏற்காததும் மேலிடத்தின் விருப்பம்.

“எழுதுங்க மேடம்.”

இசக்கியம்மாள் உட்கார்ந்தார். யோசிக்கவே இல்லை. தட்டினார்.

‘முதல் நாள் குழுப் படத்தை எடுத்தவள் நான். அதனால்தான் படத்தில் நான் இல்லை. ஐந்து நாளும் வந்திருந்தேன்.’

அனுப்பும் பொத்தானை அழுத்தினார். கட்டம் சிவப்பானது. ‘குறைந்தது இருநூறு சொற்கள்.’

பதின்மூன்று சொற்களில் சொல்லி முடித்துவிட்ட விஷயம். இன்னும் நூற்று எண்பத்தேழு வேண்டும்!

இங்கேதான் எனக்கு உற்சாகம் வந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வரி விஷயத்தை ஒரு பக்கத்துக்கு இழுப்பதைத்தானே நான் வாராவாரம் செய்துகொண்டிருக்கிறேன்? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் போனேன். ஆனால் அங்கே எனக்கு இடமே இல்லை. மற்ற முப்பத்தொன்பது எழுத்துத் திறன் பயிற்றுநர்களும் அதற்குள் களத்தில் இறங்கிவிட்டார்கள்.

“‘இயற்கை எழில் கொஞ்சும் தென்பொதிகைச் சாரலில்’னு ஆரம்பிங்க மேடம்.”

“‘பொங்கிப் பெருகும் அருவிகளின் நகராம்’ சேத்துக்கிடுங்க. நாலு சொல்லு வரும்.”

“‘இனிதே’ போடுங்க. ‘இனிதே தொடங்கி இனிதே நடைபெற்று’.”

“‘எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால்’... அது கண்டிப்பா வேணும். அது இல்லாம எவனும் நம்ப மாட்டான்.”

இசக்கியம்மாள் தன் பதின்மூன்று சொற்களை அழித்துவிட்டு, அவர்கள் சொன்னதையெல்லாம் தட்டினார். எண்ணிக்கை நூற்றுப் பத்துக்கு வந்தது. நின்றுவிட்டது. எல்லோரிடமும் ஸ்டாக் தீர்ந்துவிட்டது. மணி இரண்டேகால். திரையில் இருந்ததைப் படித்துப் பார்த்தேன். எழில் இருந்தது, அருவி இருந்தது, இனிதே மூன்று இடத்தில் இருந்தது. அந்த அம்மா எங்கேயுமே இல்லை. போட்டோவில்தான் இல்லை என்றால், அதற்காக எழுதிய விளக்கத்திலும் இல்லை.

சிறப்பு விருந்தினர் என்ற முறையில் இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். முந்திக்கொண்டார் பரமசிவன்.

“ஏன் மேடம், போட்டோ எடுக்கும்போது என்னைப் பாத்து என்னமோ சொன்னியள்லா?”

“‘பரமசிவன் சார், உள்ள தள்ளி நில்லுங்க, ரெண்டு பேரை மறைக்கிய’ன்னேன்.”

“அதை எழுதுங்க.”

“இதையா சார்?”

“அதைத்தான். நான் சாட்சி.”

இசக்கியம்மாள் மேலே போய் இயற்கை எழிலை அழித்தார். நெல்லையப்பன் பதறிப்போய், “மேடம், எண்ணிக்கை குறையுது” என்றார். குறைந்தது. நூற்றுப் பத்து எழுபதானது, நாற்பதானது. பிறகு ஏறத் தொடங்கியது.

ஒவ்வொருவருக்காக ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. முதல் படத்தில் தான் கண்ணை மூடிவிட்டதாகவும், அதற்காக அவர் இரண்டாவது எடுத்ததாகவும் ஒருவர் சொன்னார். மூன்றாவது எடுக்கும்போது தூறல் விழுந்து, போன் நனையாமல் இருக்க அவர் முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எடுத்தார் என்றார் இன்னொருவர். பேனரின் எழுத்து விழவில்லை என்று ஸ்டூல் மேல் ஏறியிருக்கிறார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவர் யார் என்று ஒரு சின்னத் தகராறு நடந்தது. ‘பிடித்துக்கொண்டேன்’ என்று இரண்டு பேர் சொன்னார்கள். “ரெண்டு பேரையும் போடுங்க மேடம், சொல்லு கூடும்” என்றார் பரமசிவன்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வெளியே தடையை நீக்கிவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். ஒருவர்கூடத் துண்டை எடுக்கவில்லை. ஒரு வாக்கியத்தில் ‘மூன்றாவது முறை’ முதலில் வர வேண்டுமா, ‘தூறலில்’ முதலில் வர வேண்டுமா என்று முனைவர் பட்டம் பெற்ற இரண்டு பேர் மூக்கோடு மூக்கு உரசாத குறையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாள் பயிலரங்கில் எழுதிப் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான். அது அறிக்கையில் இல்லை.

நூற்றுத் தொண்ணூற்றொன்று. எல்லோரும் அடுத்த வாக்கியத்துக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். இசக்கியம்மாள் யாரையும் கேட்கவில்லை. போட்டோவைத் திரையில் ஒருமுறை திறந்து பார்த்தார். பிறகு கடைசி வரியைத் தானே தட்டினார்.

‘படத்தில் இருக்கும் நாற்பது பேரும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ, அந்த ஆள் நான்தான்.’

இருநூற்று ஒன்று.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். பொய் சொல்லவில்லை. இருபது வருடமாக எழுதுகிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. பொறாமையாகவும் இருந்தது.

நெல்லையப்பன் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். “அறிக்கை நடைல இல்லியே மேடம்...” என்றார். ஆனால் மூன்று மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. பிந்திப்போவதைவிடப் பெரிய பாவம் அவருக்கு வேறு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

வட்டம் சுற்றியது... சுற்றியது... நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு வட்டத்தைப் பார்த்தோம். தொங்கிவிடுமோ?

கொஞ்ச நேரம் கழித்துப் பச்சையில் ஒரு சொல் வந்தது. ‘ஏற்கப்பட்டது.’

யாராவது படித்தார்களா, இல்லை, சொற்களை எண்ணிப் பார்த்துவிட்டு இயந்திரமே ஏற்றுக்கொண்டதா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. நாற்பத்தோராவது சர்டிபிகேட் வந்தது. இனிஷியல் சரியாக இருந்தது. இசக்கியம்மாள் அதை நோட்டுக்குள் வைத்து, நோட்டைப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து, கவரைப் பைக்குள் வைத்தார். “வருதேன் சார். மூணரைக்கு பஸ். விட்டா அடுத்தது கூட்டமா இருக்கும்” என்று கிளம்பிவிட்டார். நிறைவு விழாவுக்கு இருக்கவில்லை. அது ஏற்கெனவே நடந்து முடிந்து போர்ட்டலில் இருக்கிறதே, இருந்து என்ன ஆகப்போகிறது?

போகும்போது என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை போன் வந்தது.

“கெடச்சுட்டு சார். புதங்கிழமை ஜாயின் பண்ணணும்.”

எனக்கே வேலை கிடைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. “என்ன கேட்டாங்க?” என்றேன்.

“சர்டிபிகேட்டப் பாத்துட்டு, பயிலரங்குல என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாவ. உண்மைய சொல்லப் பதிமூணு வார்த்தை போதும், அதை ஒருத்தர் ஏத்துக்கிட இருநூறு வார்த்தை வேணும், அதைக் கத்துக்கிட்டேன்னேன்.”

“சிரிச்சாங்களா?”

“இல்ல சார். ஒருத்தர் மட்டும் குறிச்சிக்கிட்டாரு.”

இந்த வேலை ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த வருடம் மறுபடி பயிலரங்கு, மறுபடி சர்டிபிகேட், மறுபடி குரூப் போட்டோ. எனக்குக் கவலையாகிவிட்டது. “அடுத்த தடவை போனைக் கையில் வாங்காதீங்கம்மா. முதல் வரிசையில போய் நின்னுக்கோங்க” என்றேன்.

“அது எப்படி சார்? மத்தவங்க எடுத்தா ஓரத்துல நிக்கவங்க தலையை வெட்டிருதாவ. நான்தான் எடுப்பேன்” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தக் குரூப் போட்டோவைப் பார்த்தாலும் தலைகளை எண்ணுகிறேன்... எண்ணி, ஒன்று கூட்டிக்கொள்கிறேன்.